முதல் பனியை வழிக்கக் கூடாது

வெர்னா சால்மிக்கு உட்காரத் தெரியாது. சுப்பீரியர் ஏரிக்கரையில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். தேவாலயத்தில் கடைசிப் பாட்டு முடியும் முன்பே காப்பி போடுகிறேன் என்று கீழ்த்தளத்துக்கு ஓடிவிடுவாள். சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையில் மற்றவர்களுக்கு வியர்க்கத் தொடங்கும்போது இவள் வெளியே வந்து துண்டு மடித்துக்கொண்டிருப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டியே காலம் போனவள். ஓய்வு பெற்ற மறுநாள் விடியற்காலை எழுந்து, பேருந்து போகும் வழியெல்லாம் தன் காரை ஓட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினாள் என்று ஒரு கதை உண்டு. கதையெல்லாம் இல்லை, உண்மைதான்.

அவள் புருஷன் ஆர்விட் இதற்கு நேர் எதிர். மரம் அறுக்கும் வேலையில் இருந்தவன். ஒரு மரத்தை அறுப்பதற்கு முன் அதைச் சுற்றி மூன்று முறை நடந்து, தலையைச் சொறிந்து, காப்பி குடித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பான். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே கூரைக்கு அடியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினார்கள் என்று கேட்டால், ஒருத்தி வீட்டில் நின்றதே இல்லை, இன்னொருவன் அதைக் கவனித்ததே இல்லை, அவ்வளவுதான்.

அவர்கள் வீடு ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தபால் பெட்டியருகே தொடங்கும் சரளைப் பாதை ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே நெடுக ஓடி, ஓடையருகே பள்ளத்தில் இறங்கி, மேடேறி, புல்வெளியைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். குளிர்காலத்தில் அந்தப் பாதையும் பழைய சிவப்பு டிராக்டரும் ஆர்விட்டின் தனி ராஜ்யம். பேருந்து ஓட்டுகிறவளாயிற்றே என்று ஒருநாளாவது சாவியைக் கொடுத்தானா என்றால், இல்லை. "உனக்குப் பொறுமை கெடையாது. பாதையப் பேத்துடுவே" என்பான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் பனியை வழிக்கக் கூடாது. சரளைப் பாதை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நவம்பரில் முதல் பனி விழும்போது மண் இன்னும் இளகித்தான் இருக்கும். அந்தப் பனியை டயரால் மிதித்து அமுக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். குளிர் ஏற ஏற அது தரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை அந்தத் தரைக்கு மேலேதான் டிராக்டரின் பனி வழிக்கும் தகடு ஓட வேண்டும். அவசரப்பட்டு வழித்தால் பனியோடு சரளையும் கிளம்பிப் புல்வெளியில் போய் விழும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் விழத்தான் செய்யும். அதனால் மே மாதம் பனி கரைந்ததும் ஊரே வாரியும் கையுமாகப் புல்லிலிருந்து கல்லை வாரிப் பாதையில் போடும். மற்றவர்கள் முனகிக்கொண்டே செய்கிற இந்த வேலை ஆர்விட்டுக்குத் திருவிழா மாதிரி. ஒரு புல் பிடுங்காமல் வாருவான். யாரையும் கிட்டே விடமாட்டான்.

அந்த வருஷக் கோடையில் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஒரு வேன் வந்து அவனை நகரத்து டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகும். காலையில் போனால் சாயங்காலம் சக்கையாகத் திரும்பி வருவான். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதைத் தின்பதற்கு ஈர மரத்தூளைத் தின்னலாம் என்று அவன் சொல்வதும் சரிதான். பனி விழும் முன்பே நர்ஸ் வெர்னாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: ஒரு முறை தவறினால் சமாளிக்கலாம், அடுத்தடுத்து இரண்டு தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு எங்கள் கையில் இல்லை.

பாதை அடைபட்டால் வேன் வராது. வேன் வராவிட்டால் ஆர்விட் இல்லை. வெர்னாவின் தலைக்குள் கணக்கு இவ்வளவுதான்.

முதல் பனி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விழுந்தது. கணுக்கால் அளவுகூட இல்லை. ஆர்விட் ஜன்னலோர நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு வேன் வரணும்" என்றாள் வெர்னா.

"வரும். இது ஒரு பனியா? விடு, அப்படியே கெடக்கட்டும்."

"ராத்திரி இன்னும் கொட்டினா?"

"கொட்டினா கொட்டட்டும். மொதல் பனியத் தொடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள். நாய்க்குச் சோறு வைத்தாள். நாய் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தது. அதற்கு மேல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொக்கியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிராக்டர் ஓட்டுவது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. பின்னால் பூட்டிய தகட்டை இறக்கி, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தாள். பனி சுருள் சுருளாக ஒதுங்கியது. கூடவே சரளையும் கடகடவென்று கிளம்பியது. ஒதுக்கிய பனி கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள்தான், ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. உள்ளே ஆர்விட் கைத்தடியால் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி ரோடு வரை வந்தபோது பக்கத்து நிலத்துக்காரன் டெல்பர்ட் தன் பிக்கப் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"ஏய் வெர்னா, பனியை வழிக்கிறியா, இல்ல கிணறு தோண்டுறியா?"

"உன் வேலையப் பாரு."

"என் வேலை மே மாசம் வரும். உன் புல்வெளியிலேருந்து கல்லு அள்ளிட்டுப் போறதுக்கு." சிரித்து முடித்தபின் கொஞ்சம் இறங்கி வந்தான். "ஒரு பழைய இரும்புக் குழாயை நீளவாக்குல அறுத்து அந்தத் தகட்டு விளிம்புல மாட்டு. கல்லு மேல வழுக்கிட்டுப் போவும், பேக்காது. நான் நாளைக்குக் கொண்டாரேன்."

அவன் கொண்டுவருவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை வேன் ஓடைப் பள்ளத்தில் இறங்கியதும், சரளை போன இடத்தில் சேறு வாயைத் திறந்து பின்சக்கரத்தை விழுங்கியது. வேன் ஓட்டும் கர்டிஸ் பொறுமைசாலிப் பையன். அவனும் சேறு வழியும் கால்சட்டையோடு வாசலில் வந்து நின்று, "மன்னிச்சுக்கங்க மிசஸ் சால்மி, இன்னிக்கு முடியாது போல. இழுவை வண்டி வரவே மத்தியானம் ஆயிடும்" என்றான். நிலையத்துக்குப் போன் செய்தார்கள். மறுநாள் டயாலிசிஸ் நாற்காலி எதுவும் காலி இல்லை, இனி புதன்கிழமைதான் என்று பதில் வந்தது.

ஆர்விட் திட்டுவான் என்று வெர்னா காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான். "ஒரு வாய் காப்பி குடு" என்றான், வெகு நாளைக்குப் பிறகு. தன் மேல் உள்ள இரக்கத்தால் பேசாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது அவளை இன்னும் வதைத்தது. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் உட்காரவில்லை. ஓடைப் பள்ளத்தில் கல் கொட்டினாள். டெல்பர்ட் கொண்டுவந்த குழாயைத் தகட்டில் மாட்டி போல்ட்டை முறுக்கினாள். வீட்டுக்குள் வரும்போதெல்லாம் ஆர்விட்டின் கணுக்காலைப் பார்த்தாள். அது வீங்கத் தொடங்கியிருந்தது. படியேறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது.

புதன்கிழமை விடிந்தபோது ஏரி தன் புத்தியைக் காட்டிவிட்டது. ஏரிக்காற்று கொண்டுவந்த பனி முழங்கால் அளவு விழுந்து கிடந்தது, இன்னும் கொட்டிக்கொண்டும் இருந்தது. காற்று வேறு.

"இன்னிக்கும் போக முடியாதுன்னு நெனைக்கிறேன்" என்றான் ஆர்விட், ஜன்னலைப் பார்த்தபடி. குரல் தெளிவாக இருந்தது. எழுந்து சவரம்கூடச் செய்திருந்தான்.

"ஏன் முடியாது? நான் வழிச்சுடறேன்."

"காத்து நிக்கட்டும். இப்ப வழிச்சா பின்னாலயே மூடிடும்."

"மூடினா மறுபடி வழிப்பேன்."

"வெர்னா, சொன்னாக் கேளு."

அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். குழாய் மாட்டிய தகடு நன்றாக வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கல் பெயரவில்லை. மூக்கு மரத்துப்போக, வாசலிலிருந்து ரோடு வரை ஒரு முறை வழித்தாள். காற்று மூடியது, மறுபடி வழித்தாள். தபால் பெட்டியருகே வந்து, அப்பாடா என்று நிமிர்ந்த அந்த நேரத்தில் ரோட்டுப் பனி லாரி உறுமிக்கொண்டு வந்து, ரோட்டில் இருந்த பனியையெல்லாம் அவள் பாதையின் வாயில் அணையாகக் குவித்துவிட்டுப் போனது. ஓட்டுகிறவன் கையசைத்தான். வெர்னா பதிலுக்குச் சொன்னதைத் தேவாலயத்தில் சொல்ல முடியாது. அந்த அணையை முன்வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

கையுறை நனைந்து விரல் விறைத்துப் போனது. வேன் வர இன்னும் நேரம் இருந்தது. வேறு கையுறை எடுக்க வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறக்கும்போது ஆர்விட்டின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாம் தம்பி, பாதை சுத்தமா அடைச்சுப் போச்சு. நீ வந்து கஷ்டப்படாதே. ஆமா, வர வேண்டாம்."

அவன் உட்கார்ந்திருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால், மேட்டுக்கு இப்பால் வழித்த பாதை கறுப்பாக, நேராகத் தெரிந்தது. வெர்னா பாதையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். போய்ப் போனைப் பிடுங்கினாள்.

"கர்டிஸ், பாதை ரோடு வரைக்கும் திறந்திருக்கு. வாப்பா." வைத்துவிட்டாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"திங்கக்கெழமை என்னைத் திட்டாம இருந்தியே" என்றாள் அவள். "நான் என்னவோ நெனைச்சுட்டேன்."

"ஆமா. சந்தோஷமா இருந்துச்சு. அந்தச் சக்கரம் மாட்டினப்போ, அப்பாடான்னு இருந்துச்சு."

"ஆர்விட்."

"அலுத்துப் போச்சு வெர்னா. ஒருநாள் அங்க குளுருல நாற்காலியில கெடக்கணும். மறுநாள் அதுக்காகத் தூங்கணும். அதுக்கு மறுநாள் மறுபடி ஊசி. எதுக்கு? இன்னொரு நாள் அந்த நாற்காலிக்குப் போறதுக்கு. என் வாயால வேணாம்னு சொல்லத் தைரியம் வரல. பனி சொல்லட்டும்னு பாத்தேன்."

"செத்துப் போறேன்னு சொல்லணும்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பனி மேல பழியப் போடாதே. நான் அங்க வெளியில கை விறைக்க..."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, அவள் உட்கார்ந்துவிட்டாள். பனி ஒட்டிய பூட்ஸோடு, கோட்டோடு, அவனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டாள். பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர் தரையில் ஓடியது. அவள் அதைத் துடைக்க எழவில்லை. அடுப்பில் ஏதோ பொங்கியது. அதற்கும் எழவில்லை.

ஆர்விட்டுக்கு அது பயமாக இருந்தது. தான் போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை. யோசித்தாலும் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தான். இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கவில்லை.

"பொங்குது பாரு" என்றான்.

அவள் அசையவில்லை.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். புல்வெளி ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை அவள் தள்ளிய குவியல் புதுப் பனிக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. காற்று ஒரு பக்கத்தைக் கலைத்திருந்தது. அங்கே சரளை கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். முகம் மெல்லச் சுருங்கியது.

"அந்தக் கல்லையெல்லாம் மே மாசம் யாரு வாருவா?"

"நான் வாருவேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"நீயா? நீ வாருவே! புல்லு, வேரு, மண்ணு எல்லாத்தையும் சேத்து ஒரே இழுப்பா இழுத்து ஓடையில தள்ளுவே. அப்புறம் அது புல்வெளியா, உருளைக்கெழங்குத் தோட்டமா?"

"அப்ப டெல்பர்ட்டைக் கூப்புடறேன்."

"டெல்பர்ட்டா?" அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மூச்சு வாங்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். "அந்தத் தடியன் என் புல்லுல கால வைக்கக் கூடாது, சொல்லிட்டேன். என் கோட்டை எங்க வெச்சே?"

அவள் எழுந்து கோட்டைக் கொண்டுவந்தாள். போகிற போக்கில் அடுப்பையும் அணைத்தாள்.

வேன் மேடேறி வந்து வாசலில் நின்றது. கர்டிஸ் கைத்தாங்கலாக ஆர்விட்டை ஏற்றினான். ஏறும்போதும் அவன் வாய் ஓயவில்லை. "பாத்தியா தம்பி, என்ன பண்ணி வெச்சிருக்கா பாத்தியா? அத்தனையும் கல்லு! ஒரு மாசம் வாருனாலும் தீராது." கர்டிஸ் பாவம், எதற்கும் தலையாட்டி வைத்தான்.

வேன் ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மாட்டாமல் ஏறி, மரங்களுக்குள் மறைந்தது. வெர்னா அந்தச் சத்தம் தேயும் வரை நின்றாள். பிறகு டிராக்டர் கொட்டகைக்குப் போய்ச் ஸ்பேனரை எடுத்தாள். தகட்டின் விளிம்பில் மாட்டியிருந்த குழாயின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். குழாயை மூலையில் சாத்தி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பி வாசலுக்கு வந்தாள். பாதை சுத்தமாகத்தான் இருந்தது. தகட்டை மண்ணோடு அழுந்த இறக்கி, புல்வெளியின் பக்கமாக, ஆர்விட்டின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு நீள இழுப்பு இழுத்தாள். சரளை கடகடவென்று கிளம்பிப் புல்மேல் சரிந்தது. திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு இழுப்பு.

என்ன சத்தம் என்று பார்க்க டெல்பர்ட் பிக்கப்பில் பாதை நெடுக வந்துவிட்டான். இறங்கி வாயைப் பிளந்தான்.

"அடிப் பாவி, குழாயை மாட்ட மறந்துட்டியா?"

"மறக்கல" என்று சொல்லிவிட்டு வெர்னா மறுபடி தகட்டை இறக்கினாள்.