வெள்ளையாக இருந்த ஓரம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

காலை எட்டேகாலுக்குக் கடலூரில் பஸ் ஏறினோம். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பக்கத்தில் ஆரோக்கியம், செம்மண்டலத்தில் வேன் ஓட்டுகிறவன். அவன் மடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே அவன் வீட்டுப் படம்.

நான் ஃபிரேம் போடுகிறவன். போன மாதம், செத்துப்போன அவன் அம்மா வைத்திருந்த மாதா படத்துக்குப் புது ஃபிரேம் கேட்டான். பழையதைப் பிரித்தபோது பின்னால் தடித்த தாள் ஒன்று இருந்தது. வெறும் தாள் என்று நினைத்து, புது ஃபிரேமில் அடங்குவதற்காக அடி ஓரத்தை ஒரு விரல் அகலம் வெட்டினேன். கண்ணாடி ஆடாமலிருக்க அந்தத் துண்டை மடித்துப் புது ஃபிரேமுக்குள் சொருகினேன். பிறகுதான் தாளைத் திருப்பினேன். மறுபக்கம் பழுப்பு மையில், மாதா மடியில் இறந்த இயேசு. துண்டை வெளியே எடுக்காமலே ஃபிரேமை ஆணியடித்து மூடிவிட்டேன். படம் கிடைத்ததைச் சொன்னேன், வெட்டியதைச் சொல்லவில்லை.

புதுச்சத்திரம் தாண்டும்போது என் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

"என்னா மச்சான், பொண்ணு பாக்கவா போறோம்? இப்டி வேர்க்குது!" என்றான் ஆரோக்கியம்.

"வெயிலு ஜாஸ்தி."

"மழ மூட்டமா இருக்குடா!"

சிதம்பரத்தில் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு மேடம் எங்களை உட்காரச் சொன்னார். படத்தை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"டச்சுக்காரங்க உங்க கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வர்றதுக்கும் முந்தி, நானூறு வருசத்துக்கு முன்னாடி, அவுங்க நாட்டுல வரஞ்சது மாதிரி தெரியுது. யாரு வரஞ்சாங்கன்னு அடியிலதான் குறி போடுவாங்க." அடி ஓரத்தைத் தடவினார். "மூணு பக்கமும் பழுப்பா இருக்கு. இது மட்டும் வெள்ள. இப்பதான் யாரோ வெட்டியிருக்காங்க."

"எங்க வீட்ல யாரும் தொடலீங்க" என்றான் ஆரோக்கியம். என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை.

"நான்தாங்க வெட்னேன்" என்றேன். துண்டு எங்கே என்பதையும் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் வேறு சீட்டில் உட்கார்ந்தான். அந்த ஒன்றேகால் மணி நேரம் பயந்தது போல நான் என்றும் பயந்ததில்லை. துண்டு கிழிந்திருந்தால்? கரையான் தின்றிருந்தால்?

அவன் வீட்டில், சுவரிலிருந்து மாதாவை இறக்கி ஆணிகளைப் பிடுங்கினேன். துண்டு இருந்தது, நாலு மடிப்பாக. பிரித்தால், மூலையில் நகம் அளவுக்கு ஒரு குறி. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினான்.

நான்காம் நாள் அவர் போன் செய்தார். அதே குறி டச்சு நாட்டு ஓவியர் ஒருவருடைய படங்களில் இருக்கிறதாம். அந்தப் பெயரை இரண்டு முறை சொன்னார். எனக்கு எழுத வரவில்லை. துண்டை ஒட்டிவிடலாம், மடிப்புத் தழும்பு மட்டும் போகாது என்றார்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் கடைக்கு வந்தான்.

"இதுக்கும் நீதான் ஃபிரேம் போடணும் மச்சான்" என்றான். "ஆனா கத்திய எங்கிட்ட குடுத்துடு."

கொடுத்தேன். இப்போதெல்லாம் படத்துக்கு ஏற்றபடி ஃபிரேமைத்தான் பெரிதாக்குகிறேன்.

எழுதியது: ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு.