ஒரு மணிச் சைரன்

கல்லாற்றில் எங்கள் அலுவலகம் வெள்ள எச்சரிக்கைச் சைரன் வைத்தபோது, தினமும் மதியம் ஒரு மணிக்கு அதை ஊதிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். தேவைப்படும் நாளில் ஊதாவிட்டால் அது வெறும் இரும்பு என்று கூட்டத்தில் முழங்கினேன். சோதனைக்கு அரை நிமிடம், நிஜ வெள்ளத்துக்கு மூன்று நிமிடம். எல்லோரும் தலையாட்டினார்கள். என் வாய்க்குப் பயந்தவர்கள்.

பொன்முடி மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே கல்லாற்றில் வெள்ளம் வந்துவிடும். அதற்காகத்தான் மலையில் நீர்மட்டக் கருவி, கீழே சைரன்.

ஒருநாள் சைரனின் பேட்டரியைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து போயிருந்தேன். வேலை முடித்துச் சாலையோரம் நிற்கையில் சைரன் அலறியது. மணி பன்னிரண்டே முக்கால். சோதனை இல்லை, நிஜம்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது பயமல்ல, பெருமை.

சாலைக்குக் கீழே திருநெல்வேலிக்காரர்கள் ஏழு பேர் தடுப்புச்சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சைரன் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஆற்றை நோக்கி இறங்க ஆரம்பித்தார்கள்.

"கேறி வா! வெள்ளம் வருந்நு!" மேலே ஏறி வரச் சொல்லி, அலுவலகப் பழக்கத்தில் மலையாளத்தில் கத்தினேன். புரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சரிவில் ஓடிப்போய், முன்னால் இறங்கிய கொத்தனாரை மறித்துத் தமிழில் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஆத்துல எறங்காதீங்க! தண்ணி வருது!"

"வெயிலு இந்தப் போடு போடுது, தண்ணி எங்கிட்டிருந்துக்கா வரும்? சோத்துக்குச் சங்கு ஊதியாச்சு. கை கழுவிட்டு வாரோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் சைரன் ஊதினால் ஆற்றில் இறங்கிக் கை கழுவி, பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு வழக்கமாகியிருந்தது. பசித்தவன் அது அரை நிமிடமா மூன்று நிமிடமா என்று எண்ணிக்கொண்டு நிற்பானா? விளக்க நேரமில்லை. ஏழு பேருக்கும் சோறு வைத்திருந்த பெரிய தூக்குவாளியைக் கொத்தனார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

"ஏய், அந்தம்மா சோத்தைத் தூக்கிட்டு ஓடுது! வாங்கடே!"

ஏழு பேரும் துரத்தினார்கள். சாலைக்கு வந்து மூச்சிரைக்க நின்றபோது மலைப்பக்கம் இரைச்சல் கேட்டது. கலங்கிய தண்ணீர் மரக்கிளைகளோடு வந்து அவர்கள் உட்காரும் பாறையை மூடிக்கொண்டு போனது.

தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா போயிருப்போம்க்கா" என்றார் கொத்தனார். அவர்களை ஆற்றுக்குக் கூப்பிட்டதே நான்தானே.

மறுநாள் கூட்டத்தில் இதை மறைக்காமல் சொன்னேன். ஒரு மணிச் சோதனை நின்றது. சைரனுக்குப் பதில் மலையாளத்திலும் தமிழிலும் பதிவு செய்த குரல் வைத்தோம். தமிழுக்கு என் குரல். எழுதிக் கொடுத்த வாக்கியத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்று கத்தியது போலவே கத்தினேன்: "ஆத்துல எறங்காதீங்க! ரோட்டுக்கு ஏறுங்க!" அதைச் சுவர் வேலைக்காரர்களுக்கு முதலில் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தால் மறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுவர் முடிவதற்குள் இன்னொரு வெள்ளம் வந்தது. கொத்தனார் போன் செய்தார். பின்னணியில் என் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"எக்கா, ஏழு பேரும் ரோட்டுல நிக்கோம்."

"சோறு?"

"கீழயே போட்டுட்டு வந்துட்டோம். தண்ணி கொண்டு போயிட்டு. போனாப் போவுது."