ஷாங்ஹாயிலும் ஒரு சொந்தக்காரர்

சீனாவுக்குப் போகிறோம் என்று பாரிஸ் லா ஷப்பலில் முடிவெட்டும் கடையில் வாய்விட்டது என் பிழைதான். கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"சீனாவோ? அங்கை ஆர் வீட்டிலை நிப்பியள் அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தரும் இல்லை. ஓட்டலிலைதான்."

"அப்ப ஏன் போறியள்?"

நியாயமான கேள்விதானே? நாம் ஊர் பார்க்கப் போகிறவர்கள் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள். லண்டன் என்றால் அண்ணா வீடு. ஒஸ்லோ என்றால் மச்சாள் வீடு. டொரொன்டோ என்றால் யார் வீட்டில் நிற்பது என்பதே சண்டை. விமான நிலையத்தில் ஒருவர் வந்து நிற்பார், காரில் ஏறியதும் சாப்பாட்டுப் பேச்சு தொடங்கும்… அத்தோடு நாடு பார்த்தாயிற்று.

மகள் ஆரணி லிசேயில், அதாவது பிரெஞ்சு உயர்பள்ளியில், சீனமொழி படிக்கிறாள். அவள் பிடித்த பிடிவாதம்தான் இந்தக் குளிர்கால விடுமுறைப் பயணம். பெட்டியில் நான் கறித்தூள், மிக்சர், பயித்தம் பணியாரம் எல்லாம் அடைத்தேன். ஆருக்கு என்று கேட்டாள் மனைவி வதனி. பாரமில்லாத பெட்டியோடு விமானம் ஏறி எனக்குப் பழக்கமில்லை.

பெய்ஜிங்கில் இறங்கினோம். வெளியே பெயர் எழுதிய அட்டைகளோடு ஒரு கூட்டம் — எங்கள் பெயர் எதிலும் இல்லை. எனக்கு ஏதோ போலிருந்தது. அரண்மனை, பெருஞ்சுவர், சீயான் நகரத்து மதில்… எங்கே போனாலும் கொஞ்ச நேரத்தில் என் கால் வாசலைத் தேடியது. பார்த்தாச்சு, படமெடுத்தாச்சு, அடுத்தது என்ன? ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப்பும் திறக்கவில்லை. படத்தை அனுப்ப முடியாவிட்டால் பார்த்து என்ன பயன்?

பிறகு சூசோ. அந்தக் காலத்துப் பணக்காரர்களின் வீட்டுத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். குளம், கல்லடுக்கிய சின்ன மலை, வளைந்த கூரைகள், இலையில்லாத கிளைகளில் மஞ்சள் பூ. குளத்தின் மேல் ஒரு பாலம். நேராகப் போட்டிருந்தால் நொடியில் கடக்கலாம். மடக்கி மடக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆளை மெதுவாக நடக்கவைக்கத்தான் அப்படியாம் — ஆரணி பலகையைப் படித்துச் சொன்னாள். என்னைப் போன்றவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

வதனி குளத்தங்கரை மண்டபமொன்றில் உட்கார்ந்தாள். எழும்பவே இல்லை. நான் இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன், மணி பார்த்தேன்.

"போவமே?"

"இருங்கோ."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் தண்ணீரை.

அப்போதுதான் போன் அடித்தது. பாரிஸிலிருந்து என் சித்தி மகன்.

"அண்ணை, ஷாங்ஹாயிலை எங்கட ஆள் ஒராள் இருக்கிறார். பெரியம்மான்ரை மருமோன்ரை தம்பி. நான் கதைச்சிட்டன். நாளைக்கு ஸ்டேஷனிலை வந்து நிப்பார். கடைசி ரெண்டு நாளும் ஓட்டலை விட்டிட்டு அவரின்ரை வீட்டிலை நில்லுங்கோ."

எனக்கு உயிர் வந்தது. பொய் சொல்வானேன், கண்ணும் கலங்கிவிட்டது. விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு வதனியிடம் ஓடினேன்.

"அவரின்ரை மனுசி?" என்று கேட்டாள்.

"லண்டனிலை தாயோடை நிக்கிறாவாம். அவரும் பிள்ளையளும்தான் இருக்கினம்."

"அப்ப ஆர் சமைக்கிறது?"

"அங்கை நல்ல நண்டு வருமாம். நீர் வந்தா ஒரு குழம்பு வைக்கலாமெண்டு பிள்ளையள் ஆசையாய் இருக்கினமாம். கறித்தூளும் கையிலை இருக்குத்தானே."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என் காதிலேயே விழுந்தது.

வதனி கோபிக்கவில்லை. குளத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"லண்டன் எண்டா எனக்கு உங்கட அண்ணை வீட்டுக் குசினி யன்னல்தான் ஞாபகம். அதுக்குள்ளாலை பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். டொரொன்டோவிலை நீங்கள் எல்லாரும் நயாகரா பாக்கப் போன அண்டைக்கு, வந்து சாப்பிட எண்டு நான் இடியப்பம் அவிச்சனான். இஞ்சை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அதுதான் நல்லாயிருக்கு. உங்களுக்குப் போக விருப்பமெண்டால் போங்கோ. நானும் பிள்ளையும் ஓட்டலிலை நிக்கிறம்."

அம்மா சொல்வதுதான் சரி என்று ஆரணி பிரெஞ்சில் சொன்னாள்.

நயாகரா படங்கள் என் போனில் இருக்கின்றன. எல்லோரும் நனைந்து சிரிக்கிறோம். வதனி இல்லை. இத்தனை காலம் அது எனக்கு உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அந்த நிமிடமே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மறுபடியும் அந்தப் பாலத்தில் மடங்கி மடங்கி நடந்தேன். சொந்தத்தைப் பகைப்பது சின்ன விஷயமா? வீட்டுக்கு அழைத்தவரை மதிக்கவில்லை என்று பேச்சு வராதா? ஒரு பொய் தேடினேன். ஆரணிக்குக் காய்ச்சல் என்றால்? வீட்டில் வந்து படுக்கட்டும் என்பான். டிக்கெட் மாறிவிட்டது என்றால்? எந்த ஸ்டேஷன் என்று கேட்பான். கடைசியில், வேறு வழியில்லாமல், சித்தி மகனுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"தம்பி, அவ சமைக்க வரேல்லை. ஊர் பாக்க வந்தவ."

"ஓம் அண்ணை, விளங்குது," என்றான். விளங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். வதனி கொஞ்சம் நகர்ந்து இடம் தந்தாள். உட்கார்ந்தேன்.

"காலை ஆட்டாமல் இருங்கோ," என்றாள்.

அது பெரிய பாடு. சும்மா இருப்பது இவ்வளவு வேலை என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழும்பினால் எங்கே போவது, யாருக்கு அழைப்பது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

பாரிஸ் வந்து சில வாரம் ஆகிறது. கார் து நோர் ஸ்டேஷனில் என்னைக் கண்டால் சித்தி மகன் தன் போனை உற்றுப் பார்த்தபடி போய்விடுகிறான். மனசு கஷ்டப்படுகிறது, மறைக்கவில்லை.

ஆனால் அவன் மனைவி இப்போதெல்லாம் வதனிக்கு அடிக்கடி அழைக்கிறாள். நேற்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வதனி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள், எனக்கும் கேட்டது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறாள் —

"அக்கா… எங்கட ஆக்கள் ஒருத்தருமே இல்லாத நாடு வேறை எது இருக்கு?"