வஸ்தாதைப் பிளக்க வந்த பீமன்

பக்கத்துக் காம்பராவில் இருந்த ஆண்டியப்பன் அண்ணன் பதினோரு வருஷமாக ஒரு விறகுக் கட்டையைக்கூடப் பிளக்காமல் அடுப்பெரித்த மனுஷன். பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையும்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பிளந்து காய்ந்த விறகு கூரையை முட்டும். இந்தப் பக்கம் நான் ஈரத் தேயிலைக் குச்சியை ஊதி ஊதிக் கண் எரிந்து உட்கார்ந்திருப்பேன்.

வட்டகொடை ரயிலடியிலிருந்து மூச்சு வாங்க மேலே ஏறினால் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். தேயிலைத் தோட்டத்தில் அவ்வப்போது முழுக்கட்டைகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவார்கள். அதைப் பிளந்துகொள்வது அவரவர் பாடு. ஆண்டியப்பன் அண்ணனுக்குக் கவ்வாத்து வேலை. கத்தியைப் பிடித்தால் தேயிலைச் செடியைத் தலை சீவினமாதிரி வெட்டி வைப்பார். கோடாலி மட்டும் அவருக்கும் ஆகாது, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் ஆகாது.

கல்யாணமான புதிதில் பெண்சாதி பேச்சியம்மாவின் முன்னால் வீரம் காட்ட ஆசைப்பட்டுக் கோடாலியை ஓங்கியிருக்கிறார். காம்பு கையில் நின்றது. தலை கழன்று பறந்துபோய்ப் பெரிய கங்காணியார் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. கங்காணியார் கட்டிலோடு நனைந்தார். மறுநாள் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆண் பெண் அத்தனை பேரும் வேலைக்கு நிற்கையில் அவர் அண்ணனைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை நான் எழுதப்போவதில்லை. அந்தத் தகரத்துக்குப் போட்ட ஒட்டு எங்கள் வாசலில் நின்றால் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே அண்ணன் கோடாலியைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

அப்படியானால் அடுப்பு எப்படி எரிந்தது? வஸ்தாதால் எரிந்தது.

வஸ்தாது என்பது ஆள் இல்லை, அடிக்கட்டை. காற்றில் சாய்ந்த பெரிய தைலமரம் ஒன்றை அறுத்துக்கொண்டு போனவர்கள் இது நமக்கு வேண்டாம் என்று வாசலிலேயே விட்டுவிட்டுப் போன பகுதி. உடம்பெல்லாம் கணு, உள்ளுக்குள் முறுக்கு. எப்பேர்ப்பட்ட கோடாலியும் அதில் இரண்டு விரல் ஆழத்துக்குமேல் இறங்கியதில்லை. யாரோ விளையாட்டாக, மல்யுத்த வாத்தியாரைச் சொல்வதுபோல வஸ்தாது என்று பேர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. தன் காம்பராவுக்கு நேரே கிடந்ததால் ஆண்டியப்பன் அண்ணன் அதற்குச் சொந்தக்காரர் ஆனார். யாரும் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த தோட்டத்து ஆள், ரயில்பாதை வேலைக்காரர், விருந்துக்கு வந்த மருமகன் என்று யாராவது கோடாலியோடு வந்து சேருவார்கள். அண்ணன் எழுந்து உபசரிப்பார்.

“தேத்தண்ணி குடிங்கண்ணே. கோடாலி அந்தப் பக்கம் இருக்கட்டும். நீங்க அதத் தொட வேணாம்.”

“ஏன்?”

“ஒங்களால முடியாதுங்க. வயசாயிருச்சு.”

வந்தவருக்கு முப்பது வயசுகூட ஆகியிருக்காது. தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவார். லயமே இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து வேடிக்கை பார்க்கும். வஸ்தாதுக்கு ஒன்றும் ஆகாது. வந்தவர் வேர்த்து விறுவிறுத்து, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும்போது அண்ணன் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார்.

“ஒங்க மேல தப்பில்லண்ணே. கோடாலிதான் மொக்கையோ என்னமோ. இந்தச் சின்னக் கட்டையில ஒரு போடு போட்டுப் பாருங்க.”

போடுவார். சின்னக் கட்டை ஒரே அடியில் இரண்டாகும். எல்லோரும் “அடேங்கப்பா!” என்போம். போன மானம் கொஞ்சம் திரும்பி வரும். மீதியும் வரவேண்டுமே என்று இன்னொரு கட்டை, அப்புறம் இன்னொன்று. அண்ணன் வீட்டுக் குவியல் முழுவதும் பிளந்த பிறகுதான் ஆள் நிமிர்வார். பேச்சியம்மா பிளந்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் சூசைரட்ணமும் இதில் சேர்த்தி. காலையில் கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானம் வஸ்தாதோடு மல்லுக்கு நின்று, சாயந்தரம்வரை அண்ணனுக்கு விறகு பிளப்பார்.

“என்ன இருந்தாலும் ஆம்பளைக்கு ஒரு மரியாத இருக்குல்ல பெற்றீசியா?” என்பார்.

“அந்த மரியாதையில நம்ம அடுப்புக்கும் ரெண்டு கட்டையப் பொளங்க” என்பேன். உடனே அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் என் வீட்டுக்காரர் ரயிலடிக் கடையில் வடை வாங்கி வந்தார். வடை சுற்றியிருந்த பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம். கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் ஒரு கையால் விறகைப் பிளந்துகொண்டே மறு கையால் மனைவியிடம் தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தார். கீழே ‘பீமன் விறகு ஆப்பு! ஓங்க வேண்டாம், ஏங்க வேண்டாம்! எந்தக் கட்டையும் எண்ணி மூன்றே குத்தில்!’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே உரக்கப் படித்தேன்.

அண்ணன் உடனே வந்துவிட்டார். எண்ணெய்ப் பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது வூட்டுக்கு வூடு வந்துருச்சுன்னா எவன் கோடாலியத் தூக்கிக்கிட்டு நம்ம வாசலுக்கு வருவான்?”

“ஒருத்தரும் வரமாட்டாங்கண்ணே. நீங்களே பொளக்க வேண்டியதுதான்.”

அண்ணனின் கண் தானாகக் கங்காணியார் வீட்டுத் தகரத்துக்குப் போனது. பயம் அந்த வேலைக்கு மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். தலைவர் பதவி இல்லை, கங்காணி உத்தியோகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் தேடி வருகிற ஒரே சம்சாரி எங்கள் லயத்தில் அவர்தான். அதுவும் போய்விட்டால் அவரிடம் என்ன இருக்கிறது? வடையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரமே ஆப்பு நேரில் வந்தது. தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பெனி ஏஜண்டு பத்திநாதன் லயம் லயமாகச் செய்துகாட்டிக்கொண்டு வந்தான். ஹட்டன் டவுன் பிள்ளை. கழுத்தில் டை, தோளில் இரும்பு. மேடு ஏறி வந்ததில் இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

சாமானைப் பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, அதன் நுனியில் ஆப்பு. தண்டில் கோத்தபடி கனமான ஒரு குழாய். ஆப்பைக் கட்டைமேல் ஊன்றி, குழாயை மேலே தூக்கி விட்டால் அது இறங்கி ஆப்பின் தலையில் இடிக்கும். ஓங்கி வீசுகிற வேலையே இல்லை. கழன்று பறக்கவும் அதில் எதுவும் கிடையாது.

பத்திநாதன் ஒரு சவுக்குக் கட்டையை நிறுத்தினான். டொங், டொங், டொங். கட்டை இரண்டானது. பெண்கள் எல்லோரும் முன்னால் வந்துவிட்டோம்.

“எங்க, குடுங்க தம்பி” என்று பேச்சியம்மா வாங்கிக் குத்திப் பார்த்தாள். அவளுக்கும் மூன்றாவது குத்தில் பிளந்தது. அவள் அந்த இரும்பை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். கோடி வீட்டு வீரம்மா தன் புருஷனை முழங்கையால் இடித்து, ஒன்று வாங்கப் பேர் கொடுக்கச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் பேர் கொடுக்க முன்னால் வந்தார்கள்.

ஆண்டியப்பன் அண்ணன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த வஸ்தாதைத் தட்டினார்.

“தம்பி, இதப் பொளந்து காட்டுங்க. லயத்துல எல்லாருமே வாங்குறோம்.”

பத்திநாதன் அதைச் சுற்றி வந்து பார்த்தான். “அண்ணே, இது வெறகு இல்லீங்களே. இதப் போயி யாரு அடுப்புல வைப்பா?”

“எந்தக் கட்டையும்னு பேப்பர்ல போட்டிருக்கா, இல்லியா?”

“போட்டிருக்குங்க.”

“இது கட்டையா, கல்லா?”

“கட்டைதாங்க.”

“அப்பக் குத்துங்க.”

பாவம் பிள்ளை. டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். லயமே சேர்ந்து எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. வஸ்தாது கம்மென்று இருந்தது. விளம்பரக் கணக்கு அத்தோடு முடிந்தது, ஆனால் பத்திநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குத்தினான், குத்தினான், சட்டை நனையக் குத்தினான். ஆப்பு நாலு விரல் ஆழம் இறங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டது. இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்று நின்றது. ஆண்கள் எல்லோரும் தண்டைப் பிடித்து இழுத்தார்கள். அது படக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்ததில் பத்திநாதன் மல்லாந்து வாசல் கானுக்குள், ஓடுகிற தண்ணீரில் போய் விழுந்தான்.

சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. அண்ணன்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தூக்கியவர் பழக்கதோஷத்தில் சொன்னார்:

“ஒங்க மேல தப்பில்ல தம்பி. நல்ல சாமான்தான். இந்தச் சின்னக் கட்டையில ஒரு போடு போட்டுக் காட்டுங்க.”

கம்பெனி ஏஜண்டாக இருந்தால் என்ன, அவனும் ஆம்பிளைதானே? சின்னக் கட்டையைப் பிளந்தான். அடுத்ததைப் பிளந்தான். அண்ணன் வீட்டுக்கு முந்தாநாள் இறக்கிய குவியல் முழுவதையும், இருட்டுவதற்குள், ஒன்றுவிடாமல் பிளந்து தள்ளினான். விளம்பரத்தில் சொன்னதில் பாதி உண்மை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் ஆண்டியப்பன் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேர் கொடுக்கவில்லை. நான் மட்டும் டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். புறப்பட்டு நின்ற பத்திநாதனின் தோளில் இரும்பு இல்லை. கக்கத்தில் ஒரு சேவல் இருந்தது. டையை வாங்கிக்கொண்டு மேட்டை இறங்கிப் போனான்.

கொழும்புக் கம்பெனியை வஸ்தாது தோற்கடித்த செய்தி பஸ் ஏறி மஸ்கெலியாவரை போனது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாவைப் பெரிய பானையில் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்களும் வந்தார்கள். ஆனால் யார் கையிலும் கோடாலி இல்லை.

பட்டிப்பொலவிலிருந்து வந்த பொன்னையாவைப் பார்த்து அண்ணன், “ஒங்களால முடியாதுங்க, வயசாயிருச்சு” என்று ஆரம்பித்தார்.

“ஆமாங்க, முடியாதுதான்” என்றார் பொன்னையா. “கம்பெனி இரும்பே தோத்துப்போச்சாமே. நம்ம கோடாலி என்ன செய்யும்?” தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வஸ்தாதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

அப்புறம் யாரோ வஸ்தாதுக்கு மூன்று பட்டை விபூதி பூசினார்கள். யாரோ செவ்வரளிப் பூ வைத்தார்கள். அதன்மேல் கோடாலி போடுவது இருக்கட்டும், அண்ணன் உட்காரக்கூட முடியாமல் போயிற்று. வேடிக்கை தீர்ந்ததும் ஆட்கள் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். ரயில் வந்து போகிற சத்தம் கேட்கும். மேலே யாரும் ஏறி வரமாட்டார்கள். அத்தனை நாள் பொறாமைப்பட்ட எனக்கே மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரரை, “சும்மாவாச்சும் போயி ஒரு தரம் வெட்டிப் பாருங்களேன்” என்று தள்ளினேன். “சாமிக் கட்டையில போயா?” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. பத்திநாதன் பிளந்து போட்ட குவியல் கரைந்துகொண்டே வந்தது. புதிதாக இறக்கிய முழுக்கட்டைகள் வாசலில் அப்படியே கிடந்தன. ஒருநாள் மழை விட்டிருந்த நேரத்தில், அடுப்படியில் கடைசி நாலு சுள்ளி மிஞ்சியிருந்தபோது, அண்ணன் கோடாலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டோம். அவர் கோடாலியைப் பார்த்தார், கங்காணியார் வீட்டுத் தகரத்தைப் பார்த்தார், கோடாலியைக் கீழே வைத்தார்.

பேச்சியம்மா உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். சாக்கை விலக்கினால் பீமன் ஆப்பு.

“ஏதுடி இது?”

“அன்னிக்கே சேவலக் குடுத்து வாங்கிட்டேன். அந்தத் தம்பிக்கும் திரும்பத் தூக்கிக்கிட்டுப் போகத் தெம்பில்ல.”

“நான் தோக்கடிச்ச சாமான நானே தூக்கிக் குத்துறதா? ஊரு சிரிக்குமேடி!”

பேச்சியம்மா உள்ளே போய்க் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வஸ்தாதின்மேல் இருந்த செவ்வரளியைப் பக்குவமாக எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டு, விபூதியை முந்தானையால் துடைத்துவிட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தாள்.

“வேணாம், விடுங்க. அதத் தொட வேணாம்.”

“ஏன்?”

“ஒங்களால முடியாதுங்க. வயசாயிருச்சு.”

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். டொங், டொங், டொங். முதல் கட்டை பிளந்தது. நாங்கள் “அடேங்கப்பா!” என்றோம். அடுத்த கட்டையை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கங்காணியார் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கட்டையும் இரண்டான பிறகுதான் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வஸ்தாதின்மேல் உட்கார்ந்திருந்த பெண்சாதியைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

“அடியே, அது நான் சொல்றதுல்ல?”

“பதினோரு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தானே வெறகு அடுக்குனேன்” என்றாள் பேச்சியம்மா.

நான் உள்ளே போய், போர்த்திப் படுத்திருந்த என் வீட்டுக்காரரை எழுப்பி, அவருக்கு வயசாகிவிட்டது என்று சொன்னேன்.