ஆயுசுக்கும் உழைக்கும் பக்கெட்

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த பக்கெட்டை விற்பவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்தால் போதாது, வேகமாகச் சைக்கிள் மிதிக்கவும் தெரிய வேண்டும். வாசல் வாசலாகத் திட்டு வாங்கிய யாருக்கும் இது புரியும். எண்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கத்துத் தெருக்களிலும் சந்தைகளிலும், உடைந்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு புதுச் சாமான் கொடுத்து, "ஆயுசுக்கும் உழைக்கும்!" என்று கூவிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சவுதி பாட்டில்

கூல்டிரிங்ஸ் பாட்டில் கண்ணாடியாய் மின்னுகிறதே, அதைச் சேர்த்து உருக்கினால் பக்கெட்டும் மின்னும் என்று எங்கள் பக்கெட் பட்டறை முதலாளிக்குத் தோன்றிவிட்டது. அப்போது நம்மூரில் அந்தப் பிளாஸ்டிக் பாட்டில் ஏது? வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். ஓர் அம்மா சூம்பிப்போன பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மக் வாங்கிக்கொண்டார்.

"மவன் சவுதிலேர்ந்து கொண்டாந்தது தம்பி. வெந்நி ஊத்துனேன், சுருண்டுபோச்சு. புதுசுலயே இப்புடின்னா, உருக்குனப்பறம் என்னத்தத் தாங்கும்?"

புள்ளி

பக்கெட் பிளாஸ்டிக் உருகும் சூட்டில், இப்படிச் சேர்த்த பாட்டில்கள் உருகவில்லை. சூட்டைக் கூட்டினால் பக்கெட் பிளாஸ்டிக் கருகிப் புகைந்தது. கடைசியில் கறுப்புப் பக்கெட் முழுக்க உருகாத பாட்டில் துணுக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தன. முதலாளியிடம் காட்டினேன். அவர் அசரவே இல்லை.

"டிசைன்னு சொல்லி வில்லுய்யா!"

சுற்றி வந்த சிவப்பு

உருக்க உருக்கப் பலம் குறையும், நிறமும் மங்கும். அதை மறைக்க ஒவ்வொரு தடவையும் இன்னும் அடர்த்தியாகச் சாயம் போடுவோம். சிவப்பு பச்சையாகும், பச்சை கறுப்பாகும். அதற்கப்புறம் போட எங்களிடம் நிறம் இல்லை. ரஞ்சன்குடியில் ஒரு அக்கா பக்கெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"போன வருசம் நான் உடைஞ்சதுன்னு போட்ட செவப்பு பக்கெட்டுதானே இது? கறுத்து எளச்சு எங்கிட்டயே வந்துருக்கு!"

பெண் பார்த்த படலம்

ஆண்டிமடத்தில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. 'மாப்பிள்ளை பிளாஸ்டிக் வியாபாரம்' என்று என் மாமா பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். கால் கழுவப் போனேன். அங்கே நிறையத் தண்ணீரோடு ஒரு கறுப்புப் பக்கெட், வெள்ளைப் புள்ளி டிசைனில்.

தூக்கினேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. பக்கெட் விழுந்து இரண்டாகப் பிளந்தது, புது வேட்டி தொப்பலாக நனைந்தது. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அழகான சிரிப்பு, இன்றைக்கும் மனசு வலிக்கிறது. அவள் அப்பா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஆயுசுக்கும் உழைக்கும்னு சந்தையில வித்தது நீங்கதானே தம்பி? இப்ப எம் பொண்ணையும் ஆயுசுக்கும் காப்பாத்துறேன்னு சொல்லப் போறீங்களா?"

பெண் கிடைக்கவில்லை, கையோடு வந்த கைப்பிடியை மட்டும் முதலாளி மறுபடி உருக்குவதற்கு வாங்கிக்கொண்டார்.