சுறாவிடம் சொன்னவை

விசைப்படகு டிரைவர் சுப்பராயலுவுக்கு அறுபத்திரண்டு வயது. இருட்டில், என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு, வருவது யாருடைய படகு என்று சொல்லிவிடுவார். கடலூர் துறைமுகத்தில் அவர் கால் படாத இடம் கிடையாது, ஒரு மூலையைத் தவிர. ஏலக் கொட்டகைக்குப் பின்னால் மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்காரும் சிமெண்டு மேடை அது. அதில் மூன்றாவது இடம் அவர் மனைவி ஜெயராணியுடையது. அவள் போன பிறகு இரண்டு வருஷமாக, அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் ஐஸ் கம்பெனியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

அந்த வருஷம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், அவர் அங்கே போகும்படி ஆயிற்று.

"அண்ணே, அக்கா வளத்த நாயி மேடைக்கு அடியில கெடக்குது. உசுரு இருக்குதா இல்லியான்னு தெரியல. நாத்தம் தாங்கல. வந்து ஒரு வழி பண்ணுங்க," என்று மீன் வெட்டும் மலர்க்கொடி வீடு தேடி வந்து சொன்னாள்.

படகுகள் கட்டிக் கிடந்தால் மீன் குறைவு. மீன் குறைந்தால் தலையும் குடலும் செவுளும் குறைவு. துறைமுகத்து நாய்களில் இளசானவை பிரியாணிக் கடைகளைத் தேடி ஊருக்குள் போய்விட்டன. போக முடியாத இது மட்டும் தங்கிவிட்டது. உடம்பில் முடியே இல்லை. தோல் வெடித்து, காய்ந்த சேறு மாதிரி இருந்தது. ஒரு கண்ணில் சீழ்.

"சுறா," என்றார் சுப்பராயலு.

வால் ஒரே ஒரு தடவை தரையைத் தட்டியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவர் மகள் வினோதினி, மீன் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தூக்கி வந்த குட்டி அது. கையில் எது கிடைத்தாலும் கடித்ததால் சுறா என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து ஜெயராணியின் காலடிதான் அதற்கு வீடு. அவள் செத்த பிறகு அது என்ன தின்றது, எங்கே படுத்தது என்று அவர் கேட்டதே இல்லை. நாயைப் பார்த்தால் மேடையைப் பார்க்க வேண்டும். மேடையைப் பார்த்தால் அவளைப் பார்க்க வேண்டும்.

சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். கஞ்சி காய்ச்சி ஊற்றினார். முட்டையை அவித்து மசித்து விரலால் ஊட்டினார். பிறகு, மனசு நிறைந்த பாசத்தோடு, அந்தத் தப்பைச் செய்தார்.

படகு என்ஜினிலிருந்து வடித்து எடுத்த கரி ஆயில் ஒரு கேன் நிறைய வைத்திருந்தார். நாய்க்குச் சொறி என்றால் கரி ஆயில் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். துணியில் தோய்த்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு இடம் விடாமல் மூன்று நாள் தடவினார். சுறா எரிச்சல் தாங்காமல் நக்கி நக்கிப் பார்த்தது. நாலாம் நாள் கறுப்பாக வாந்தி எடுத்தது. எழுந்து நிற்கக் காலில் தெம்பு இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாரு இத தடவுனது?"

"நாந்தாங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். தோல் வழியாகவும் வாய் வழியாகவும் விஷம் உள்ளே போயிருக்கிறது, ஈரலையும் கிட்னியையும் பிடித்திருக்கிறது என்றார். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, ஆயில் போகும்வரை தினமும் கழுவ வேண்டும். ஒரு வாரமாவது குளுகோஸ் ஏற்ற வேண்டும். குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்.

"வயசான நாயி. பாத்துக்க ஆளு இருந்தா பொழைக்கும்."

அவர் குடியிருந்தது மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. மே மாதத்தில் மனுஷனே வெந்துபோவான். வீட்டுக்காரரும் நாயைக் கீழே இறக்கு என்று சொல்லிவிட்டார். இந்த நாயை வேண்டாம் என்று சொல்லாத வீடு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், மகள் வினோதினியின் வீடு. அந்த வாசலுக்குத்தான் அவர் போகக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு தடைக்காலத்தின் கடைசியில், மீன் வெட்டும்போது ஜெயராணியின் கையிலிருந்து நழுவிய கெளுத்தி மீனின் முள் அவள் பாதத்தில் ஏறியது. ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. கால் வீங்கியது. வினோதினி போனில் கெஞ்சினாள். "அம்மாவ இங்க கூட்டியாப்பா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடலாம்."

"முள்ளு குத்துனதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? மருந்து தடவிட்டேன். தடை முடிஞ்சி மொத கடலு, போயிட்டு வந்து பாக்கலாம்," என்றார்.

ஆறாம் நாள் கரை திரும்பியபோது ஜெயராணியின் கால் முழங்கால் வரைக்கும் கறுத்திருந்தது. எட்டாம் நாள் அவள் இல்லை. கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வினோதினி சொன்னாள். "இனிமே ஒன்ன அப்பான்னு கூப்புட மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவள் அப்படியே அவரைக் கொண்டு பிறந்தவள்.

இப்போது நாய்க்காக அந்த வாசலுக்கே கிளம்பினார். தெரிந்த ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். "எங்க வண்டில மீன் நாத்தம், ஒங்க நாயி ஆயில் நாத்தம். சிப்காட் கெமிக்கல் நாத்தத்த தாண்டறதுக்குள்ள எல்லாம் ஒண்ணாயிடும், ஏறுங்க."

வழி நெடுக மடியில் கிடந்த சாக்கின் மேல் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே வந்தார் சுப்பராயலு.

கதவைத் திறந்தவர் மருமகன் அறிவழகன். பல்கலைக்கழகத்தில் ஆய்வகப் பணியாளர்.

"மாமா, வாங்க, உள்ள வாங்க," என்றவர், பின்னால் வந்து நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நில்லுங்க," என்றார்.

வினோதினி அப்பாவைப் பார்க்கவில்லை. சாக்கைத்தான் பார்த்தாள். உட்கார்ந்து அதைப் பிரித்தாள். சுறாவின் முதுகில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"சுறா," என்றாள். "அம்மா கால்லயும் இதே நாத்தம் அடிச்சிது. இதத்தாண்டா தடவுனாங்க."

சுப்பராயலு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாதது அது. படகுக்காரனுக்கு வெட்டுக்காயம் பட்டால் கை தானாக என்ஜின் பக்கம்தான் போகும். அதே கை, அதே எண்ணெய். அன்றைக்கு மனைவி, இன்றைக்கு நாய்.

"நாயி இருக்கட்டும்," என்றாள் வினோதினி, நாயிடமே. "கொண்டாந்தவங்கள பஸ்ஸுக்குப் போவச் சொல்லு."

அவர் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பின்பக்க வராந்தா வரைக்கும் வர அனுமதி கிடைத்தது. ஜன்னல் கம்பியில் குளுகோஸ் பாட்டில் தொங்கியது. வினோதினி தினமும் சோப்பு போட்டுக் கழுவினாள். ஒன்பது நாள் தண்ணீர் கறுப்பாகவே ஓடியதாம், பத்தாம் நாள்தான் வெளுத்ததாம். உள்ளூர் டாக்டர் போட்ட ஊசியில் சொறி உதிர்ந்து, ஆடி மாதத்தில் முதுகில் பூனை முடி மாதிரி மெல்லியதாக ஏதோ முளைத்தது.

அவள் பேசினாள். அவரிடம் இல்லை, சுறாவிடம்.

"சுறா, வந்திருக்கறவங்க எளைச்சிப்போயிட்டாங்க. ஒழுங்கா சாப்புடறாங்களான்னு கேளு."

"சாப்புடறேன்னு சொல்லுடா."

"பொய் சொல்றாங்கன்னு சொல்லு."

அறிவழகன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஏன் மாமா, சேதி சொல்ல ஒரு ஆளு வேணும்னா நான் இல்லியா? இந்த வீட்ல நாய்க்கு இருக்கற மரியாத எனக்கு இல்லியா?"

வினோதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று சுப்பராயலுவுக்குத் தெரியவில்லை.

தீபாவளி சமயத்தில் சுறா, அவர் செருப்புச் சத்தம் கேட்டு கேட் வரைக்கும் தள்ளாடி நடந்து வந்தது. அந்த ஒரு மாதம்தான் அதன் வாழ்வில் கடைசி வசந்தம். கார்த்திகையிலேயே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, எத்தனை நாள் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சுப்பராயலு சிதம்பரம் கோயிலின் கீழச் சன்னதியில் இறங்கி, கோபுரத்துக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. அந்த நாய் உயிரோடு இருக்கும்வரைதான் மகளின் குரல் தன் காதில் விழும் என்பது அவருக்குத் தெரியும். என்றைக்காவது ஒருநாள் அந்தக் குரல் நாயை விட்டுத் தன் பக்கம் திரும்பி, அப்பா என்று ஒரு தடவை சொல்லாதா? அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும். அந்த நாள்களைத்தான் கேட்டார்.

தை பிறந்து பத்தாம் நாள், வியாழக்கிழமை, அறிவழகன் போன் செய்தார். "மாமா, சுறா போயிடுச்சி. தூக்கத்துலயே. பின்னாடி முருங்கை மரத்துக்கிட்ட பொதைச்சிட்டோம். அவ மடியிலதான் இருந்துச்சி."

ஞாயிறு வந்தது. பழக்கத்தில் பஸ் ஏறிவிட்டார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான், யாரைப் பார்க்கப் போகிறோம் என்ற கேள்வி வந்தது. நாய்தான் இல்லையே, எதற்கு வந்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டால் என்ன சொல்வது? கடலூர் பஸ்கள் மூன்று போயின. கண்டக்டர்கள் கூப்பிட்டார்கள். அவர் ஏறவில்லை. கடைசியில் அண்ணாமலை நகர் பக்கம் நடந்தார்.

பின்பக்க வராந்தாவில் சுறாவின் சாக்கு துவைத்து, அதே மூலையில் விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அதன் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. வினோதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவர் படியில் நின்றார்.

பிறகு வினோதினி வெறும் சாக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"சுறா, மீன் கொழம்பு வெச்சிருக்கேன். இந்த வீட்ல மீன் வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. வந்தவங்கள ஒக்காரச் சொல்லு."

சுப்பராயலு சாக்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. ஜெயராணி வைக்கும் அதே குழம்பு, அதே புளிப்பு. சோற்றைப் பிசைந்த கை வாய்க்குப் போக நேரம் ஆயிற்று. சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, குனிந்து சாக்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறும் வரட்டுமான்னு கேளுடா சுறா."

அப்பா என்ற சொல் அன்றைக்கும் வரவில்லை. வினோதினி எழுந்துபோய் அந்தக் கிண்ணத்தை எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். நல்ல தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து, யாருமில்லாத சாக்கின் பக்கத்தில் வைத்தாள்.