விளங்கின பிள்ளை

இந்தப் பத்தியில் வழக்கமாக ஏதாவது பகிடி விடுவேன். இந்தக் கிழமை... மன்னியுங்கள், மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அனலைதீவில் நான் இருக்கும் வீட்டு வாசலில் துணிப்பையோடு ஒரு பிள்ளை. நாரந்தனையில் இருக்கும் என் தங்கச்சியின் மூத்த மகள் றீற்றா. பன்னிரண்டு வயது. கடல் தாண்டித் தனியாக லோஞ்ச் ஏறி வந்திருக்கிறாள்!

“பெரியம்மா, நான் இனி இஞ்சதான் இருக்கப்போறன்.”

“கொம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

அவளுக்கு ஒரு தம்பி, அன்ரன். எட்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. திடீரென்று மூர்க்கம் வரும். கடிப்பான், கையில் கிடைப்பதை எறிவான், தன் தலையையே சுவரில் மோதுவான். டாக்குத்தர்மாரிடம் காட்டியாயிற்று, நேர்த்தியும் வைத்தாயிற்று. தாயும் தகப்பனும் அவன் பின்னாலேயே ஓடுகிறார்கள். றீற்றாவைப் பற்றி யாருக்குக் கவலை? அவள்தான் கரைச்சல் தராத பிள்ளையாயிற்றே!

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று அவள் பூப்போட்டுத் தைத்த மேசை விரிப்பை அன்று காலை அவன் கிணற்றுக்குள் போட்டுவிட்டான்.

“அம்மா என்ன சொன்னவ?”

“‘அவனுக்கு விளங்காது, நீ விளங்கின பிள்ளைதானே’ எண்டு சொன்னவ.”

விளங்குவதும் ஒரு குற்றமா?

லோஞ்ச் துறையில் அவளைக் கண்ட யாரோ சொல்லி, அன்ரனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, மத்தியான லோஞ்சில் தங்கச்சி பதறியடித்து வந்தாள். வந்த வேகத்தில் அடிக்கக் கை ஓங்கினாள். றீற்றா முகத்தை மறைக்கக் கையை உயர்த்த, சட்டைக் கை மேலே போனது. தோளுக்குக் கீழே பல் பதிந்த காயம் — கறுத்துப்போய்.

“இது எப்ப?”

“போன கிழமை.”

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் அழுவியள்.”

தங்கச்சி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

றீற்றா விடவில்லை. “நீங்களும் அப்பாவும் செத்தா நான்தானே அவனைப் பாக்கவேணும்?”

ஏதோ சமாதானம் சொல்ல நான் வாயெடுத்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள்.

“பிறகு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. பொய் சொல்ல ஏலாது. ஆனா இப்ப அவனைப் பாக்கிறது என்ரையும் கொப்பாவின்ரையும் வேலை. உன்ரை வேலை இல்லை.”

தாயும் மகளும் பின்னேர லோஞ்சில் திரும்பினார்கள்.

இப்போதெல்லாம், இரவில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் வரும் தகப்பன், பகலில் நித்திரை கொண்டு எழும்பியதும் அன்ரனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார். தண்ணீரில் நின்றால் பையன் அமைதி. அந்த நேரம் தாய் றீற்றாவுக்கு மட்டும். அவளுடைய அறைக்கதவுக்கு உள்பக்கம் கொளுக்கி போட்டாயிற்று. தம்பிக்கு மூர்க்கம் வந்தால் அவள் பிடிக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாம்.

எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கே... அன்ரன் மாறவில்லை. போன ஞாயிறு போயிருந்தேன். றேடியோ உடைந்து கிடந்தது. குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் முற்றத்திலிருந்து றீற்றாவின் குரல், ஊருக்கே கேட்கும்படி:

“அம்மா! இவன் எனக்கு அடிச்சுப்போட்டான்!”

தங்கச்சி ஓடினாள் — முதலில் மகளிடம்.

வகுப்பில் கோள் சொல்லும் பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கும் ரீச்சர் நான். அன்றைக்கு மட்டும், இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்லடி பிள்ளை என்றிருந்தது!